ஒற்றைக் கொலுசுக்கு 25 யூரோ

முதலில் புலம்பித் தீர்த்துவிடுகிறேன். ஹாம்பர்க்கில் ஒரு நினைவுப்பொருள் கடையில் 'வைக்கிங் பெண்கள் அணிந்த ப்ரூச்' (உடையில் ஊக்கால் குத்திக்கொள்ளும் நகை) என்று 25 யூரோ கொடுத்து ஒன்று வாங்கினேன். ஆமை ஓடு மாதிரி குமிழ்ந்த முட்டை வடிவம், மேலே ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நெளியும் மிருகங்கள். அக்காவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். மறுநாள் வட ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வைக்கிங் வணிக நகரமான ஹெய்தாபு போனதும்தான் உறைத்தது: என் தலையில் கட்டியது ஒற்றைக் கொலுசு!

அந்த ப்ரூச்சை ஜோடியாகத்தான் போடுவார்கள். மேலங்கியின் தோள்பட்டிகளை முன்பக்கம் பிடித்து நிறுத்த வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே கண்ணாடி மணி, சூதுபவள மணிச் சரங்கள் தொங்கும். 922இல் வோல்கா நதிக்கரையில் ரூஸ் மக்களை (வடக்கிலிருந்து வந்த வைக்கிங் வணிகர்கள்) பார்த்த அரபுப் பயணி இப்னு ஃபத்லான்கூட, பெண்கள் மார்பில் இருபக்கமும் சிமிழ் போல ஒன்று அணிந்ததாகவும், கணவனின் வசதியைப் பொறுத்து அது இரும்பா, செம்பா, வெள்ளியா, தங்கமா என்று மாறும் என்றும் எழுதியிருக்கிறார். நகையைப் பார்த்து ஆளை எடைபோடுவது எல்லா ஊரிலும் உண்டு போல.

ஹெய்தாபு போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஹாம்பர்க்கிலிருந்து ஷ்லெஸ்விக்குக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்ஸில் போக உதவும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தால் அதுவே செல்லும், தனிச் செலவில்லை. அப்புறம்தான் வினை. ஞாயிற்றுக்கிழமை, கண்ணெதிரே பஸ் போய்விட்டது. டாக்ஸிக்காரர் கேட்ட தொகைக்கு இரண்டு வேளை சாப்பிடலாம். தூறலில் நடந்தேன். வழியில் வெங்காயம் வைத்த ஊறல் ஹெர்ரிங் மீன் பன். புளிப்பும் உப்புமாக, ஆஹா! நடந்த களைப்பே போய்விட்டது.

அன்று ஹெய்தாபுவில் கைவினைச் சந்தை. ஒரு கூடாரத்தில் அதே ப்ரூச்சின் வெண்கல வார்ப்பு நகல்கள், ஜோடி 90 யூரோ. கையில் வாங்கியதும் கனம் தெரிந்தது. கடைக்காரம்மா, "முன்பக்கம் பார்க்காதே, திருப்பு" என்றார். குழிந்த உட்புறம் முழுக்க மெல்லிய நெசவுத் தடம்! களிமண் அச்சுக்குள் துணியைப் பதித்து, அதன்மேல் இன்னொரு களிமண் அடுக்கை அப்பி, பிறகு துணியை எடுத்துவிட்டால் மிஞ்சும் இடைவெளியில்தான் உலோகம் ஓடும். துணியின் பருமன்தான் நகையின் பருமன். அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல்களின் முதுகிலும் இப்படித் தடம் உண்டாம். இன்னொரு விஷயம், அசல்களிலேயே பல வெண்கலத்தின்மேல் பொன்முலாம் பூசியவை. ஆக, அசலே கவரிங்தான்!

என் 25 யூரோ பொக்கிஷத்தைத் திருப்பிக் காட்டினேன். வழவழவென்ற முதுகில் பசை வைத்து ஒட்டிய ஊக்கு. கடைக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதுதான் எரிச்சல்.

90 யூரோவுக்கு வக்கில்லை. 12 யூரோவுக்கு நீலக் கண்ணாடி மணிகள் வாங்கினேன். திரும்பும் ரயிலில் பையைத் துழாவினால் விரலில் சுருக்கென்று குத்தியது. ஊக்கு தனியாக வந்துவிட்டது.