குளத்தின் பெயரில் ஒரு வார இதழ்

ஊரில் ஒரு வார இதழ் தொடங்கப் போகிறேன் என்று 2012இல் சொன்னபோது எல்லோரும் கேட்ட கேள்வி, "செய்திக்கு எங்கே போவீங்க?" செய்திக்குப் பஞ்சமே வரவில்லை. பெயருக்குத்தான் வந்தது.

பத்திரிகைகளைப் பதிவு செய்யும் மத்திய அரசு அலுவலகம் அப்போது ஆர்.என்.ஐ. அதன் விண்ணப்பத்தில் ஐந்து பெயர்களை விருப்ப வரிசையில் எழுதலாம். தமிழில் அதே பெயரோ அதைப்போல ஒலிக்கும் பெயரோ இந்தியாவில் எங்கும் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் என்றால் வேறு மொழியிலும் கூடாது. குரல், முரசு, சுடர் என்று எதைத் தட்டினாலும் யாரோ முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் எத்தனை பேர் நிஜமாகவே பத்திரிகை நடத்துகிறார்கள் என்பது வேறு கதை. நான்கு பெயர் தேற்றிவிட்டு, ஐந்தாவது கட்டத்தைச் சும்மா விடுவானேன் என்று எங்கள் ஊர்க் குளத்தின் பெயரைப் போட்டேன். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகம் வழியாக டெல்லிக்குப் போய்ச் சேர்ந்து, கிடைத்தது அந்தக் குளம்தான்.

அடுத்து அறிவிப்பு, படிவம் 1. வெளியிடுவது யார், அச்சிடுவது யார் என்று மாஜிஸ்திரேட் முன் எழுதித் தருவது. வெளியீடு எங்கள் ஊர், அச்சு சிவகாசி, மாவட்டமே வேறு. அதனால் வெளியிடுபவராக நான் இங்கே ஒரு கையெழுத்து, அச்சிடுபவர் அங்கே தனியாக ஒரு கையெழுத்து. அச்சகக்காரரை வேலை நேரத்தில் கிளப்பிக்கொண்டு போக மூன்று முறை பஸ் ஏறினேன். அறிவிப்பு ஏற்கப்பட்டதும் தலைக்கு மேல் ஒரு கெடு வந்து உட்கார்ந்தது. அன்றைய சட்டப்படி வார இதழ் என்றால் ஆறு வாரத்துக்குள் வெளிவர வேண்டும். இல்லாவிட்டால் அறிவிப்பு செல்லாது.

நான் மாட்டிக்கொண்டது கார்த்திகை மாதத்தில். சிவகாசியில் காலண்டர் சீசன். ஐந்நூறு பிரதிக்காரனை யார் மதிப்பார்கள்? ஐந்தாவது வாரம் அச்சகக்காரருக்கே மனசு கேட்கவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வாங்க, காலண்டருக்கு நடுவுல ஓட்டித் தர்றேன்" என்றார். முந்தின வேலையின் மஞ்சள் மை, உருளையைக் கழுவிய பிறகும் போகவில்லை. முதல் ஐம்பது அறுபது தாளில் என் தலையங்கம் மஞ்சக்காமாலை வந்ததுபோல் இருந்தது. அதில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் பதிவு எண். முதல் இதழோடு, வெளிநாட்டுத் தொடர்பு எதுவும் இல்லை என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் தர வேண்டியிருந்தது. பைபாஸைத் தாண்டாத பத்திரிகைக்கா என்று நோட்டரி சிரித்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான். முகப்பில் பெயருக்கு மேலே பொடி எழுத்தில் 'நம்ம ஊர்' என்று அழகுக்குச் சேர்த்திருந்தேன். ஒப்புதல் ஆன பெயர் எழுத்து மாறாமல் வர வேண்டுமாம். அடுத்த இதழில் அதைத் தூக்கிவிட்டு மறுபடி அனுப்பினேன். டி.என்.டி.ஏ.எம். என்று தொடங்கும் எண் வந்த அன்று வீட்டில் கேசரி.

எண் வந்தால்தான் தபால் சலுகை. அப்போது 50 கிராமுக்குள் ஒரு பிரதிக்கு 25 காசு. அதற்கு ஐம்பது சந்தாதாரர் பட்டியல் தேவைப்பட்டது. டீக்கடை, கதர்க்கடை, சலூன் என்று அலைந்து சேர்த்தேன். சலூன் அண்ணாச்சி, "எனக்கு வாசிக்க நேரம் கிடையாது தம்பி, காத்திருக்கவங்க வாசிக்கட்டும்" என்று ஒரு வருஷப் பணத்தையும் எண்ணி வைத்தார்.

இப்போது தொடங்குபவர்களுக்கு என் கதை அப்படியே பொருந்தாது. நான் பதிவு செய்த 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் போய், 2024 மார்ச் 1 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. விண்ணப்பம் பிரஸ் சேவா இணையதளத்தில். பெயர் விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள், ஐந்தாவது கட்டத்தையும் யோசித்தே நிரப்புங்கள்.

பழைய சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் படிவம் 4 அச்சிட வேண்டியிருந்தது: அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் பற்றிய விவரங்கள். அச்சிடுபவர் தவிர மற்ற மூன்று இடத்திலும் என் பெயர், மூன்று இடத்திலும் இந்தியர் என்று போட்டிருந்தேன். அந்த வாரம் முடி வெட்டப் போனபோது அண்ணாச்சி கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, நீ இந்தியன்னு எங்களுக்குத் தெரியாதா? எதுக்கு மூணு தடவ போட்டிருக்க?"