கொடுக்கு எந்தப் பக்கம்?

பள்ளிக்கூடத்தில் எங்களைப் படிப்பித்த விலங்கியல் சேர் காலமான செய்தி போன புரட்டாதியில் வாட்ஸ்அப்பில் வந்தபோது, கனடாவில், ஸ்காபரோவின் ஹைலண்ட் கிறீக் ஆற்றங்கரையில் பேத்தியோடு நின்றேன். சின்னூக் சால்மன்கள் முட்டையிட ஏரியிலிருந்து மேலேறி வரும் பருவம். முதுகு வெளியே தெரிய, கல்லில் உரசி உரசி ஏறிக்கொண்டிருந்தன. முட்டையிட்டபின் அவை ஏரிக்குத் திரும்புவதில்லை, ஆற்றிலேயே செத்துப்போகும். அதைப் பேத்திக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன், சொல்லவில்லை.

பழைய மாணவர் மலர்க்குழு கட்டுரை கேட்டபோது வேறு எதுவும் எழுத வரவில்லை.

யாழ்ப்பாணத்தில், தொண்டைமானாற்றங்கரையில் சேர் எங்களுக்குப் பாடம் நடத்திய சனிக்கிழமைகளை, கூடப் படித்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வாசலில் சைக்கிள் வரிசை, சேரின் பழைய றலி, அதன் கரியரில் நூல்பந்தும் நாலு தடியும். பாலத்துக்குக் கடல் பக்கமாக இறங்கித் தடிகளை நட்டு, நூலைச் சுற்றினால் ஒரு மீற்றர் சதுரம். அதற்குள் இருப்பதை எல்லாம் எண்ணிக் கொப்பியில் எழுத வேண்டும்: ஊரி, நண்டு வளை, உப்புச் சேற்றில் வளரும் கண்ணாமரத்தின், சேற்றைக் குத்திக்கொண்டு மேலே நிற்கும் மூச்சுவேர். கண்ணா இலையை நக்கிப் பார்க்கச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? உப்பை இலைவழியாக மரம் வெளியே தள்ளுகிறது என்பதை நாங்கள் நாக்கால்தான் படித்தோம்.

1978, ஒன்பதாம் வகுப்பு. சேற்றில் குந்தியிருக்கப் பஞ்சிப்பட்டு, முதல்நாள் இரவே புத்தகத்தைப் பார்த்து நண்டுப் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அழகான படம்தான். பத்துக் கால், இரண்டு கொடுக்கும் ஒரே அளவு. சேர் கொப்பியை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, இது புத்தகத்து நண்டு. இங்க இருக்கிற நண்டை நீர் பாக்கேல்லையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சந்நிதி கோயில் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போக, நான் மட்டும் சதுரத்துக்குப் பக்கத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்பது தண்டனை. கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு வளை வாயில் இரண்டு கண் தண்டு. பிறகு இன்னொன்று. எங்கள் காலடி அதிர்வுக்குப் பயந்து உள்ளே போனவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து, வெறும் சேறாகக் கிடந்த இடம் அசையத் தொடங்கியது. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு அதன் உடம்பளவு பெரிது. அதை உயர்த்தி உயர்த்திப் பெட்டையைக் கூப்பிடுகிறது. அந்தக் கொடுக்கு சாப்பாட்டுக்கு உதவாது. பெட்டை இரண்டு கொடுக்காலும் சேற்றை வாய்க்குக் கொண்டுபோக, ஆண் சின்னக் கொடுக்கு ஒன்றை வைத்தே சமாளிக்கிறது. தின்னக்கூடியதை எடுத்துக்கொண்டு மிச்சச் சேற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக விட்டுப்போயின.

எப்போது வந்தாரோ தெரியாது, வெள்ளைக் காற்சட்டையோடு சேர் என் பக்கத்தில் சேற்றில் இருந்தார்.

"பெரிய கொடுக்கு எந்தப் பக்கம் எண்டு எண்ணினீரோ?" மெதுவாகத்தான் கேட்டார்.

இரண்டு பேருமாக எண்ணினோம். சிலவற்றுக்கு வலம், சிலவற்றுக்கு இடம். எத்தனைக்கு எத்தனை என்று எழுதி, சேர் கீழே கையெழுத்தும் திகதியும் போட்டார். 1985இல் கொழும்பு ரயிலேறியபோது அந்தக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்தது. அந்த வீடும் இப்போது இல்லை.

சமாதான காலத்தில், 2004இல், பன்னிரண்டு நாள் ஊருக்குப் போனேன். சேர் வீட்டு ஒழுங்கையை இரண்டு முறை வான் வண்டியில் தாண்டினேன். காணி உறுதி, கோயில் நேர்த்தி, சாப்பாட்டு அழைப்புகள். அடுத்த முறை பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த முறைக்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்துவிட்டேன். எனக்குப் பார்க்கக் கற்றுத் தந்தவரை ஒருதரம் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

கிறீக் கரையில் பேத்தி கல் எறிய ஓடினாள். பிடித்து இருத்தி, "அசையாமல் இரு பிள்ளை" என்றேன். கொஞ்ச நேரத்தில் கல்லுக்கடியிலிருந்து ஒரு கிரேஃபிஷ், கொடுக்குள்ள நன்னீர் இறால் மாதிரி ஒன்று, மீசையை நீட்டியது. அவள் மூச்சே விடவில்லை.

"அம்மப்பா, உங்கட ஆத்திலயும் இது இருந்ததா?"

அங்கே நண்டு என்று சொல்லி, அவளுடைய கொப்பியில் வரையத் தொடங்கினேன். உடம்பு, கண் தண்டு, கால்கள். கொடுக்குக்கு வந்ததும் பென்சில் நின்றது. வலம் எத்தனை, இடம் எத்தனை? கேட்பதற்கு இனி ஒருவருமில்லை.