முத்தமிடலாமா என்று கேட்டார்

எங்கள் நூலகத்துப் பழைய புத்தகம் ஒன்றை முத்தமிட அவர் அனுமதிதான் கேட்டார். கேட்காமலே குனிந்து முத்தமிட்டிருந்தால் தடுக்க எனக்கு நேரம் இருந்திருக்காது. ஒரு அறிக்கை எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். கேட்டுவிட்டதால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

வாசிப்பறை மேசையில் இருந்தது கையால் எழுதிய 15ஆம் நூற்றாண்டு டச்சு ஜெபப் புத்தகம். நாளின் எட்டு வேளைக்கும் ஓதுவதற்கான ஜெபங்கள். கீர்த் க்ரோட்டே (1340–1384) என்ற டச்சு மதபோதகர் லத்தீனிலிருந்து டச்சுக்குக் கொண்டுவந்தவை. லத்தீன் தெரியாத பெண்கள் கையில் இந்த மாதிரிப் புத்தகங்கள் நிறையப் புழங்கின. இயேசு சிலுவையில் அறையப்பட்ட ஓவியத்தில் அவர் பாதம் இருந்த இடத்தில் வண்ணம் போய், பக்கமாகப் பயன்பட்ட விலங்குத் தோல் தெரிகிறது. யாரோ திரும்பத் திரும்ப முத்தமிட்ட இடம்.

"இங்கே நானும் ஒருமுறை?" என்றார் அந்த வயதான கன்னியாஸ்திரி.

"மன்னிக்கணும் சிஸ்டர், கூடாது. வேண்டுமானால் நகல் கொண்டுவரட்டுமா?"

சிரித்தார். "இவர்கள் முத்தமிட்டதைத்தானே பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்?"

நான் சொன்னதில் தவறில்லை. பதப்படுத்திய தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு சுருங்கும். பிசினிலோ முட்டை வெண்கருவிலோ குழைத்த வண்ணம் ஈரம் பட்டால் பெயரும். ஒருவரை அனுமதித்தால் அடுத்தவரிடம் என்ன சொல்வது? ஆனால் நாங்களே கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கையால் புரட்டுங்கள் என்கிறோம். கையுறை போட்டால் விரலுக்குப் பக்கத்தின் விளிம்பு தெரியாது, கிழிந்துவிடும். ஆக விரலின் எண்ணெய்க்கு அனுமதி உண்டு, உதட்டுக்குத்தான் இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. காத்ரின் ரூடி என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட புத்தகங்களில் படிந்த அழுக்கை, ஒரு பரப்பு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று காட்டும் அடர்த்திமானியால் பக்கம் பக்கமாக அளந்து, 2010இல் கட்டுரை வெளியிட்டார். எந்த ஜெபத்தை மக்கள் அதிகம் ஓதினார்கள் என்பது அதில் தெரிந்தது. கொள்ளைநோயிலிருந்து காக்கும் புனித செபஸ்தியாருக்கான ஜெபம் அதிகம் அழுக்கேறிய பக்கங்களில் ஒன்று. அந்த அழுக்கைத் துடைக்க நாங்கள் சம்மதிக்கவே மாட்டோம். அது ஆதாரம். சிஸ்டரின் முத்தம் மட்டும் சேதம். எந்த வருஷத்தோடு ஆதாரம் முடிந்து சேதம் தொடங்குகிறது?

"அன்றைக்கு அது சொந்தக்காரர் புத்தகம், இன்றைக்கு எல்லோருடையது" என்றார் சக ஊழியர். சரிதான். ஓவியத்தைக் காப்பாற்றும் கவலை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. நெதர்லாந்தின் ஹார்லெம் நகர லினன் நெசவாளர் சங்கத்தின் பூசைப் புத்தகத்தில், பூசையின்போது குருவானவர் முத்தமிடுவதற்கென்றே பக்கத்தின் அடியில் தனியாக ஒரு சிறு சித்திரம் உண்டு. மேலே உள்ள ஓவியம் பிழைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஆனால் உதட்டுத் தடம் அதோடு நிற்காமல் மேலேயும் ஏறியிருக்கிறது. அதைப் படித்தபோது விதி போட்டவர் பக்கம் இருக்க வேண்டிய நான், குருவானவரை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் வீட்டில் சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் யாரும் வெளியே கிளம்பியதில்லை, அதனாலும் இருக்கலாம்.

இன்னொரு முறை கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்வேன் என நினைக்கிறேன். அடுத்த மாதம் அதே புத்தகத்தைப் பார்க்க அவர் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். அன்றைய வாசிப்பறைப் பணி என்னுடையது. அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.