டாக்கீஸ் ஸ்டாப்

டிசம்பர் 11

அம்மாவுக்கு சுகர் 312. அது இறங்காமல் ஆபரேஷன் கிடையாதாம். இடுப்பெலும்பு முறிந்த மனுஷி எத்தனை நாள்தான் மல்லாந்தே கிடப்பாள்?

டிசம்பர் 12

ராத்திரி ஒரு மணி இருக்கும். என்னைத் தட்டி எழுப்பினாள். "கண்ணு, கொட்டாயில பாட்டுப் போட்டுட்டாங்களா? கவுண்டர் தொறக்கோணும்." போடலீங்கம்மா, தூங்குங்க என்றேன். நம்பிவிட்டாள். பிள்ளையார் பாட்டு ஸ்பீக்கரில் வந்தால் டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பார்கள், பாட்டு நின்றால் படம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் காட்டு வேலைக்காரிகளுக்கு அதுதான் கடிகாரம்.

டிசம்பர் 13

பகலெல்லாம் அந்த ஓட்டையே நினைவு.

பெண்கள் கவுண்டர் என்பது நெஞ்சுயரத்தில் சுவரில் ஒரு ஓட்டை. ஒரு கை நுழையும், இரண்டு கை நுழையாது. விளிம்பு எத்தனையோ மணிக்கட்டு உரசி, எண்ணெய் ஏறி, கருங்கல் மாதிரி வழவழவென்று கிடந்தது. உள்ளே முக்காலியில் அம்மா. அவளுக்கு முகம் தெரியாது, கைதான் தெரியும். நாற்று நட்டு வெந்த விரல், பனையோலை கிழித்த விரல், மருதாணி, மஞ்சள். கையைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள்.

ஒரு கையைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள். வாராவாரம் பச்சைக் கண்ணாடி வளையலோடு வருகிற கை. நடுவில் இரண்டு மாதம் வரவில்லை. பிறகு வந்தது, வளையல் இல்லாமல். அம்மா காசை வாங்காமல் டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்து அந்த விரல்களை மூடிவிட்டாள். டிக்கெட் புத்தகம் பஞ்சாயத்து ஆபீஸில் சீல் போட்டு வருவது. கேளிக்கை வரி பஞ்சாயத்துக்குப் போவதால் நம்பருக்கு நம்பர் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் காசை அன்றைய கூலியிலிருந்து அம்மாதான் போட்டாள்.

அந்த அக்கா யார் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொன்னதே இல்லை.

டிசம்பர் 14

அண்ணன் போன் பண்ணினான். பணத்தைப் பற்றிப் பேசினோம். டிக்கெட் சுவரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 15

240.

டிசம்பர் 17

வாட்டர் பெட் வாங்க டவுனுக்குப் போனேன். ஆட்டோக்காரர் வெரைட்டி ஹால் ரோடு வழியாகப் போனார். சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய கொட்டகையின் பெயர்தான் அந்த ரோட்டுக்கு. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் மெஷினையும் பிலிமையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். ஒரு ரோட்டுக்கு நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பெயர் நிற்கிறது.

எங்கள் ஊரிலும் கண்டக்டர் இன்னும் "டாக்கீஸ், டாக்கீஸ்" என்றுதான் கூப்பிடுகிறார். இறங்கினால் டாக்கீஸ் இல்லை. டிவி வந்தது, கேபிள் வந்தது, பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது புது மெஷின் போட முதலாளியால் முடியவில்லை. முதலில் கூரை ஓடுகளை இறக்கி விற்றார்கள். அப்புறம் சேர். அப்புறம் மேல் ரூமின் கதவு. டிக்கெட் சுவர் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது.

நிற்கிறது. நின்றது என்று ஏன் எழுதினேன்?

டிசம்பர் 19

கிழக்குக் காற்று. இங்கே ஜன்னல் அடித்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் இந்த மாதம் ஒட்டிய போஸ்டர் மறுநாள் இருக்காது. வேலந்தாவளம் தாண்டி பஸ்ஸில் வரும் படப்பெட்டிக்காகக் காத்திருப்போம். பல ஊர் ஓடித் தேய்ந்த பிரிண்ட் என்பதால் திரை முழுக்கக் கோடு கோடாக விழும். படத்தில் மழை பெய்கிறது என்றே நினைத்திருந்தேன். கேரளா என்றுதான் பெயர், எங்கள் பக்கம் மழை மறைவு. வெள்ளமாய்ப் பெய்து பார்த்தது அந்தத் திரையில்தான்.

இரண்டாயிரம் அடி ரீல் என்றால் 22 நிமிஷம். அதற்குள் ஆபரேட்டர் அண்ணன் அடுத்த மெஷினில் கார்பன் குச்சியைப் பற்ற வைத்துவிட வேண்டும். எரிந்து மிஞ்சிய துண்டுகளைக் கீழே போடுவார். செம்பு பூசிய துண்டு. அதற்காக என் அண்ணனும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதில் ஒன்று தகர டப்பாவில் கிடந்தது. வீட்டுக்குப் போனதும் தேட வேண்டும்.

டிசம்பர் 22

விளக்கணைத்த பிறகு போர்வைக்குள்ளிருந்து அம்மா கை நீட்டினாள். நானும் நீட்டினேன். விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

"எத்தன டிக்கெட்டுங்க அம்மிணி?"

என் கை தெரியவில்லை அவளுக்கு. ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் கையும் தெரிந்தவளுக்கு.

"ரெண்டுங்க" என்றேன்.

டிசம்பர் 24

இன்று தெளிவாக இருந்தாள். தேதி கேட்டாள், சொன்னேன். "எம்ஜியார் போன நாளு." அவர் குடும்பத்து ஊர் வடவன்னூர் எங்களுக்குப் பக்கம். பிறந்தது கண்டியில் என்றாலும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவர் சொந்தக்காரர். 1987-ல் செய்தி வந்ததும் கொட்டாயைப் பூட்டிவிட்டார்கள். சாயங்காலம் அம்மா போய்ப் பார்த்தபோது கவுண்டர் ஓட்டையில் கதம்பமும் அரளியும் கையகலத்துக்கு அடைத்திருந்ததாம். "யார் யார் வெச்சதுன்னு தெரியல கண்ணு. கையப் பாக்கலையே."

டிசம்பர் 26

ஜேசிபி வந்துவிட்டதாம். அண்ணன் இப்போதுதான் சொல்கிறான். முந்தாநாளே முடிந்துவிட்டது. அந்த விளிம்புக் கல்லையாவது எடுத்து வைத்தாயா என்று கேட்டேன். லாரியில் அள்ளிக்கொண்டு போய் எங்கோ பள்ளம் தூர்க்கப் போட்டுவிட்டார்களாம். திட்டினேன். அவனும் அழுதான்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 27

168. நாளை காலை ஏழு மணிக்கு.

"பாட்டுப் போட்டாச்சா?"

போட்டாச்சுங்கம்மா.

டிசம்பர் 28

6.40. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. வளையலைக் கழற்றச் சொன்னார்கள். வீங்கிய கை, சோப்புத் தண்ணீர் தடவித்தான் வந்தது. இரண்டும் என் கைக்குட்டையில் இருக்கிறது. இன்னும் ஈரம்