பிராக்கிலிருந்து ஒரு கடிதம்

பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் சொன்னார்: "அண்ணை, சேரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாங்கோ, கனக்க வேண்டாம்." சேர் போன மார்கழியில் காலமானார், தொண்ணூறுக்குக் கிட்ட. எங்கள் ஹிஸ்டரி மாஸ்டர். அவர் பெயரை எழுதத் தேவையில்லை. சைக்கிள் மணிச் சத்தத்துக்கே வகுப்பு அடங்கியது இதை வாசிக்கும் அரைவாசிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். மற்ற அரைவாசிப் பேர் சயன்ஸ் படித்தவர்கள், அவர்களை விட்டுவிடலாம்.

கட்டுரையின் கீழே உள்ள என் பெயரைப் பார்த்து ஆரென்று பிடிபடாதவர்களுக்கு: நான்தான் பிராக்.

அந்தப் பெயர் வந்தது 1982இல், ஏ.எல். வகுப்பில், மூன்றாம் பாடத்தில். பிரான்சில் பிரபுக்கள் அரசனை எதிர்த்த கதை ஓடிக்கொண்டிருந்தது. சேர் கரும்பலகையில் "பிராக்ரி, 1440" என்று எழுதி, என்னைப் பார்த்து, "இது என்ன?" என்றார். முதல்நாள் இரவு நான் படிக்கவில்லை. ஆனால் மூளை வேலை செய்தது. "பிராக் நகரத்தில் நடந்த கலகம், சேர்."

"ஏறு வாங்கிலை. அங்கையிருந்து பிராக் தெரியுதோ எண்டு பார்."

மணி அடிக்கும் வரைக்கும் நின்றேன். யன்னலால் சின்ன வகுப்புப் பெடியளின் தண்ணீர்ப் பைப்பும், மதிலோரம் ஒரு மாடும் தெரிந்தன. மாடு என்னைப் பார்த்தது. இடைவேளைக்கு முன்னமே எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

நின்றபடியே கேட்ட பாடம் மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை. 1439இல் ஏழாம் சார்ல்ஸ் ஓர்லியனில் ஒரு கட்டளை போட்டார்: இனிமேல் படை திரட்டும் உரிமை அரசனுக்கு மட்டும்தான், பிரபுக்கள் தங்கள் பங்குக்கு வரியைக் கூட்டவும் கூடாது. போர்போன் பிரபுவும் அலன்சோன் பிரபுவும் அடுத்த வருடமே கிளம்பிவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டவன் அரசனுடைய சொந்த மகன், பதினாறு வயது லூயி. கலகம் முழுக்க நடந்தது பிரான்சில்தான். பிராக்கைத் தலைநகராகக் கொண்ட பொஹீமியாவில், சமயச் சீர்திருத்தக்காரர் ஹுஸ்ஸின் ஆட்கள் செய்த கிளர்ச்சி அப்போது எல்லோர் வாயிலும் இருந்ததால், பிராக் என்ற பெயரை இங்கே ஒட்டிவிட்டார்கள். தொலைதூரத்து ஊரின் பெயரை என் மேலும் ஒட்டிவிட்டார்கள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஆறு மாதத்தில் அது அடங்கியது. அதே லூயி பிறகு பதினொராம் லூயியாக முடிசூடினார். 1465இல் பிரபுக்கள் அவருக்கு எதிராகவே 'பொதுநலக் கூட்டணி' அமைத்தார்கள். இந்த இடத்தில் சேர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பொதுநலம் எண்டு பேர். கடைசியிலை கிடைச்சது என்ன? அரசன்ரை தம்பிக்கு நோர்மண்டி, பேர்கண்டிச் சார்லுக்கு சோம் ஆத்தங்கரைப் பட்டணங்கள், சன்போல் பிரபுவுக்குப் பெரிய தளபதிப் பதவி." அந்த சன்போலின் தலையை 1475இல் பாரிஸில், கிரேவ் சதுக்கத்தில் வெட்டினார்கள். பின்னாளில் நான் முதன்முதலாகக் கோப்பை கழுவிய உணவகம் அங்கிருந்து பத்து நிமிட நடை. மூன்று வருடம் அந்தச் சதுக்கத்தைக் கடந்து போயிருக்கிறேன். குளிருக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனதில் சன்போல் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

இன்னொரு நாள் பாடத்தையும் சொல்லவேண்டும். அந்தக் காலம் எது என்று உங்களுக்குத் தெரியும். தலைநகரத்தை எதிர்த்து எவன் நின்றாலும் நாங்கள் அவன் பக்கம்தான். பிரபுக்கள் எங்கள் வீரர்கள். சேர் குசி பிரபு ஆங்கெரானின் கதையை எடுத்தார். 1259 அளவில், மடத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று பெடியள் வேட்டைக்கு வந்து அவருடைய காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். விசாரணை ஒன்றுமில்லை, மூன்று பேரையும் தூக்கில் போட்டார். ஒன்பதாம் லூயி அவரைப் பிடித்து லூவர் கோட்டையில் அடைத்தார். விசாரணையில் மற்றப் பிரபுக்கள் எழும்பி ஆங்கெரானோடு போய் நின்றார்கள். "வாள் சண்டையில் நியாயம் காட்டுகிறேன்" என்றார் ஆங்கெரான். அரசன் சம்மதிக்கவில்லை. கடைசியில் பெருந்தண்டம் கட்டித்தான் அவர் வெளியே வந்தார்.

"நீங்கள் எல்லாரும் பிரபு பக்கம்," என்றார் சேர். "சரி. அந்த மூண்டு பெடியளின்ரை பக்கம் ஆர் நிக்கிறது?"

வகுப்பில் சத்தமில்லை. பின்வாங்கில் ஒருவன் எழும்பி, "அரசன் நிண்டவர்தானே சேர்," என்றான். "பாவம் பாத்தோ, பிரபுவின்ரை கையைக் கட்டவோ?" என்று கேட்டார் சேர். விடை சொல்லவில்லை. எங்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, அப்போது.

1986இல் நான் வெளிக்கிட்டேன். சேரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. 90களில் என் விலாசத்தை எப்படியோ தேடிப்பிடித்து, நீல நிற ஏரோகிராமில் ஒரு கடிதம் போட்டிருந்தார். சுகம் விசாரித்தது இரண்டு வரி. மிச்சம் முழுக்க மொன்லெரிக் கோட்டை. "பாரிஸுக்குத் தெற்கே இருபத்தைந்து கிலோமீற்றர்தான். கோபுரம் இன்னும் நிற்கிறதாம். ஒரு படம் எடுத்து அனுப்பு."

அந்தக் கோபுரம் அவருக்கு ஒரு பைத்தியம். முதலாம் பிலிப் என்ற அரசன் பாரிஸிலிருந்து தன் ஆட்சிக்குள் இருந்த ஓர்லியனுக்கே நிம்மதியாகப் போக முடியவில்லை, வழியில் மொன்லெரிக் கோட்டைப் பிரபுக்கள் மறித்தார்கள். "நாவற்குழிப் பாலத்திலை ஒருத்தன் மறிச்சு நிண்டால் நீ சாவகச்சேரிக்கு எப்பிடிப் போவாய்?" என்று கேட்பார். அப்போது அது பகிடி. இந்தக் கோபுரந்தான் தன்னை வேளைக்கே கிழவனாக்கியது என்று பிலிப் மகனிடம் சொன்னாராம். பிறகு பார்த்தால், 1227 அளவில் பிரபுக்கள் சிறுவன் ஒன்பதாம் லூயியைப் பிடிக்க வந்தபோது அவனுக்கு ஒதுங்க இடம் கொடுத்ததும் அதே மொன்லெரி. பாரிஸ் சனம் வழிநெடுக வந்து நின்று அவனைக் கூட்டிக்கொண்டு போனது. 1465 ஜூலை 16இல் பெரிய சண்டையும் அதன் அடியில்தான்.

அந்தச் சண்டையில் இரண்டு பக்கத்தாரும் ஓடினார்கள். களத்தில் இருந்த வரலாற்றெழுத்தாளர் கொமின் பின்னர் எழுதிவைத்ததை சேர் வாய்ப்பாடமாகச் சொல்வார்: ஓடியதற்காகச் சிலரின் பதவியைப் பறித்து, அவர்களைவிடப் பத்து லீக் தூரம் கூட ஓடியவர்களுக்குக் கொடுத்தார்களாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். இப்போது ஊரில் மூன்று பேர். கொமின் கணக்கில் பார்த்தால் ரொறன்ரோக் கிளைக்குத்தான் பெரிய பதவி.

கடிதத்துக்குப் பதில் போடவில்லை. படத்தோடு போடுவோம் என்று வைத்திருந்தேன். பிறகு வீடு வாங்கியதும் தெற்குப் புறநகரில்தான். பதினேழு வருடம் சாமான் வானோடு என்-20 வீதியில் போய்வந்திருக்கிறேன். இடப்பக்கமோ வலப்பக்கமோ, எந்தப் பக்கம் போனாலும் அந்தக் குன்றும் கோபுரமும் தெரியும். ஒருநாளும் நிறுத்தவில்லை. டெலிவரிக்கு நேரம் போய்விடும்.

செத்தவீட்டுச் செய்தி வந்த கிழமை, ஞாயிறு, போனேன். தனிக் கோபுரம், பக்கத்தில் இடிந்த மதில். கீழே வாகனங்கள் ஓடும் சத்தம். நாயோடு வந்த ஒரு கிழவர், "உங்களையும் வைத்து எடுக்கட்டுமா?" என்று கேட்டார். போனைக் கொடுத்தேன்.

மலருக்கு அனுப்பியிருப்பது அந்தப் படம்தான். என் தலை கோபுரத்தின் பாதியை மறைக்கிறது. சேருக்கென்றால் நான் விலகி நின்றிருப்பேன்.