அந்த வெள்ளை

"அந்த வெள்ளை எங்கே, தம்பி?"

குதிரைக்காரர் கேட்டது இவ்வளவுதான். "வெயில் அந்தப் பக்கம் விழுகிறது ஐயா, அதனால் தெரியவில்லை" என்றேன். பொய். படத்தில் வெயிலே இல்லை. நுவரெலியாவின் பனிமூட்டமான காலையைத்தான் வரைந்திருந்தேன். அது அவர் கண்முன்னே தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளை என்று அவர் சொன்னது சேணத்தின் தழும்பை. பிடரி மயிர் முடிந்து முதுகு மேடாக எழும் இடத்தில், பொருந்தாத சேணம் நாள்தோறும் உரசினால் தோல் புண்ணாகிவிடும். ஆறிய பிறகு அங்கே பழைய நிறம் திரும்பாது. மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கும். அந்தச் செம்பழுப்புக் குதிரைக்கு இடப்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒன்று, அதன் ஓரத்தில் விரல்நுனி அளவில் இரண்டு. கிரகரி ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும் குதிரை அது. இரண்டு வாரம் விடியற்காலையில் போய் அதை வரைந்தேன். "மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆற்றினேன். மூன்று மாதம் சேணமே வைக்கவில்லை, தம்பி" என்று அவர் சொன்னது அப்போதுதான். மூன்று மாதம் சேணம் இல்லையென்றால் மூன்று மாதம் வருமானமும் இல்லை.

படத்தை வரையச் சொன்ன விடுதியின் முகாமையாளரைக் குறை சொல்ல முடியாது. "சுண்ணாம்பு தெறித்தது போல இருக்கிறது, மாஸ்டர். விருந்தினர்கள் கேட்பார்கள். ஆனால் உங்கள் விருப்பம்" என்றார். என் விருப்பம் என்றுதான் சொன்னார். மீதிப் பணம் வரவேண்டியிருந்தது. சியன்னா என்ற பழுப்பு வண்ணத்தில் சிறிது மஞ்சள் காவியைக் குழைத்துத் தழும்பை மூடினேன். கால் மணி நேர வேலை.

குதிரையை நான் பணத்துக்காக மட்டும் வரைகிறவன் அல்ல. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சுவரில் கரித்துண்டால் வரைந்து அடி வாங்கியவன். புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் கோயில்களின் மண்குதிரைகளைப் பற்றிப் பாட்டி சொல்லச் சொல்ல, காணாத குதிரைகளை வரைந்தேன். உயிருள்ள குதிரையை முதலில் பார்த்தது பந்தயத் திடலில், அப்பாவின் கையைப் பிடித்தபடி. கண்ணில் படுவதற்கு முன்பே அது உள்ளங்காலில் அதிர்ந்தது. அந்த அதிர்வை நாற்பது வருடமாகத் தூரிகையால் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓவியத்தில் மாற்றம் செய்வது குற்றமா என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்தார். நான்கு கால்களையும் முன்னும் பின்னுமாக நீட்டியபடி குதிரைகள் காற்றில் மிதக்கும். 1878இல் மைபிரிட்ஜ் எடுத்த புகைப்படங்கள், பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழுவது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் என்று காட்டிவிட்டன. ஆனாலும் ஜெரிக்கோவின் படத்தில் வேகம் குறையவில்லை. அப்படியிருக்க, ஒரு தழும்பை விட்டது பெரிய காரியமா?

இந்த வாதம் இரவில் நன்றாகவே நிற்கிறது. காலையில் நிற்பதில்லை. ஜெரிக்கோவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஒருவேளை குதிரைக்காரர் வருத்தத்தில் கேட்கவில்லையோ? புண்ணே படாத முதுகோடு தன் குதிரையைப் பார்த்ததில் மகிழ்ச்சியாகக்கூட இருந்திருக்கலாம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவர், புறங்கையால் படத்தில் அந்த இடத்தை மெல்லத் தடவினார், குதிரையைத் தடவுவதுபோலவே. "அழகாக இருக்கிறாள்" என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி. என் பதிலைக் கேட்டதும் "அப்படியா" என்று தலையாட்டினார். நம்பினாரா, என் முகத்தைக் காப்பாற்றினாரா?

தழும்போடு வரைந்த முதல் கோட்டோவியம் என் கொப்பியில் பத்திரமாக இருக்கிறது. அவரிடம் கொடுத்துவிடலாம். கொடுத்தால் வெயில் என்று சொன்னதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

நேற்று ஏரிக்கரைக்குப் போனேன். அவர் சேணத்துக்கு அடியில் சாக்கை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். கொப்பி பையிலேயே இருந்தது.