கட்னி ஸ்டேஷன் ஆரஞ்சு

பிப்ரவரி 22 வந்தால் எனக்குக் கஸ்தூரிபா ஞாபகம்தான். 1944-இல் அன்றைக்குத்தான் புனே ஆகா கான் மாளிகைச் சிறையில், கணவர் மடியில் அவர் உயிர் பிரிந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் நீடித்த தாம்பத்தியம். 1913-இல் தென்னாப்பிரிக்காவில் மூன்று மாதம் கடுங்காவல். சரி, இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே வரும்.

என் மனசில் நிற்பது மத்தியப் பிரதேசத்துக் கட்னி ஸ்டேஷன். காந்தியும் கஸ்தூரிபாவும் வந்த ரயில் அங்கே நின்றது. கூட்டம் முழுக்கக் காந்திக்கு ஜே போட, ஒரு குரல் மட்டும் 'மாதா கஸ்தூரிபாவுக்கு ஜே' என்றது. எட்டிப் பார்த்தால் மூத்த மகன் ஹரிலால்! அப்பாவோடு முறைத்துக்கொண்டு, குடியில் சீரழிந்து, கந்தலோடு நிற்கிறார். ஓர் ஆரஞ்சை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். எனக்கில்லையா என்று அப்பா கேட்க, உங்களுக்கு இல்லை, உங்கள் பெருமையெல்லாம் அம்மாவால் வந்தது என்றாராம். (நறுக்கென்று சொல்லியிருக்கிறார்.) வண்டி நகர்ந்த பிறகுதான் பாவுக்கு (கஸ்தூரிபாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) உறைத்தது. கூடை நிறையப் பழம் இருந்தும் பசியோடு வந்த பிள்ளைக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லையே என்று பதறியிருக்கிறார். அதற்குள் பிளாட்பாரம் பின்னால் போய்விட்டது.

அந்த ஹரிலாலின் தாயில்லாமல் போன பிள்ளைகளை ஆசிரமத்தில் பார்த்துக்கொண்டதும் இந்தப் பாட்டிதான். கடைசி மருமகள் நம்ம ராஜாஜியின் மகள். அதனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பேரன் பேத்திகள்.

கஸ்தூரிபா சாவதற்குச் சற்று முன் ஹரிலால் பார்க்க வந்தார், அப்போதும் போதையில். பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

கணவர் நூற்ற நூலில் நெய்த புடவையைக் கட்டித்தான் அவரைச் சிதையில் வைத்தார்கள்.